தேசிக் கன்றின் இலையில் வெள்ளிக் கோடு: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் மொட்டைமாடிச் சாடிகளில் நிற்கும் தேசிக் கன்றுகள் மழைக்குத் துளிர்த்ததுமே இலையில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடும்; இலையும் சுருளும். நத்தைத் தடம் என்று துடைத்தால் போகாது. இலைத் தோலுக்கு அடியில் புழு குடைந்த வழி அது. பூச்சியின் பெயர் பைலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா, மிகச் சிறிய அந்துப்பூச்சி. இளந்துளிர் கிடைத்தால் போதும், அடுத்தடுத்த தலைமுறையாகப் பெருகும்.

1. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கோட்டின் நடுவே மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது புழுவின் எச்சம். நுனியில் தட்டையான மஞ்சள் புழு, 3 மில்லிமீற்றருக்கு மேல் இராது. கோடு இலை ஓரத்தில் முடிந்து, அந்த ஓரம் மடிந்திருந்தால் உள்ளே கூட்டுப்புழு.

2. மருந்துக்கு முன் இதைச் செய்யுங்கள். ஓரம் மடிந்த ஐந்தாறு இலைகளைக் காம்போடு வெட்டி, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி, ஜாம் போத்தலில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்; கண்ணாடியில் நீர் முத்துக் கட்டினால் துடையுங்கள். ஓரிரு வாரத்தில் வெள்ளி நிறத்தில், இறக்கை நுனியில் கரும்புள்ளியோடு மிகச் சிறிய அந்து வரும். அதற்குப் பதில் பொடிக் குளவிகள் வந்தால் நல்ல சகுனம்: அவை புழுவைத் தின்று வளர்ந்தவை. தோட்டத்தில் விடுங்கள், மருந்தை மறந்துவிடுங்கள்.

3. அந்துதான் அதிகம் என்றால் வேப்பெண்ணெய். 5 மில்லிலீற்றர் எண்ணெயில் சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் கலக்கி, பிறகு 1 லீற்றர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மாறிச் செய்தால் எண்ணெய் தனியே மிதக்கும், இலை கருகும். துளிர் விரல்நகம் அளவு இருக்கும்போது, வெயில் தாழ்ந்தபின், அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். இலை முற்றும்வரை வாரம் ஒருமுறை. கோடு விழுந்த இலைக்கு அடிப்பது வீண், புழு தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கோடு விழுந்த இலைகளை எல்லாம் பிடுங்காதீர்கள். மிச்சப் பச்சைதான் கன்றுக்குச் சோறு போடுகிறது. கோட்டின் மேல் மஞ்சள் வளையத்தோடு தடித்த பழுப்புப் புள்ளி வந்தால் மட்டும் வெட்டி அகற்றுங்கள். அது புண்வழி நுழைந்த கேங்கர் (சொறிநோய்) பக்றீரியா, ஈரமாக இருக்கையில் தொட்டால் பரவும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், ஓயாமல் துளிர் வந்து பூச்சிக்குத்தான் விருந்து. நாலைந்து வயதான மரத்துக்கு இவை எதுவும் வேண்டாம்.