ஆலிசன் பிரவுனைக் கேட்கத் தொடங்குவது எப்படி

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மாலையில் பேஞ்சோ என்ற அமெரிக்கத் தந்திக் கருவியைக் கேட்பதும், கொஞ்சம் வாசித்துப் பழகுவதும் என் ஆசை. இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் முழுசாகச் செய்து காட்டியவர் அமெரிக்க பேஞ்சோ கலைஞர் ஆலிசன் பிரவுன். தந்திக் கருவிகளை வைத்து வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸுக்குப் புதியவர்கள் யார் கேட்டாலும் அவரிடமிருந்தே தொடங்கச் சொல்வேன். எங்கே தொடங்கி எதைக் கவனிப்பது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆலிசனைக் கேட்காதீர்கள். அவருக்கு முந்தைய பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸைக் கேளுங்கள். புளூகிராஸின் தந்தை என்று அழைக்கப்படும் பில் மன்றோவின் குழுவில் ஸ்க்ரக்ஸ் 1945 இறுதியில் சேர்ந்தார். பேஞ்சோவை மூன்று விரலால் அவர் மீட்டிய விதத்துக்குப் பிறகுதான் இந்த இசைக்கு இப்போதிருக்கும் ஒலி வந்தது. அவரும் கிடார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட்டும் 1961-ல் வெளியிட்ட 'ஃபாகி மவுண்டன் பேஞ்சோ' முழுக்க முழுக்கக் கருவி இசை. சிறுமி ஆலிசனை இந்தக் கருவியின் பக்கம் இழுத்த ஆல்பம் அது. பாட்டு இல்லாததால் காது நேராகக் கருவிக்குப் போகும்.

பேஞ்சோவுக்கு ஐந்து தந்தி. ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் நடுவிலிருந்து புறப்படும், சுரமோ உச்சத்தில் இருக்கும். கட்டை விரல் திரும்பத் திரும்ப அதைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், ராகம் எங்கே போனாலும் அந்த ஒரு சுரம் மேலே மின்னிக்கொண்டிருக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மாறி மாறி மீட்டும் வரிசைக்கு 'ரோல்' என்று பெயர். ஒரு சுற்றுக்கு எட்டு சுரம், மீட்டுவதோ மூன்று விரல். அதனால் முன்னோக்கிப் போகும் ரோல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும். வாய்விட்டு 'தகிட தகிட தக' என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், உடனே பிடிபடும். வேகம் மிரட்டினால் யூடியூபில் பாதி வேகத்துக்கு இறக்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வாசிப்பவர்களும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அப்புறம் தாளம். புளூகிராஸில் பெரும்பாலும் டிரம்ஸ் கிடையாது. நான்காக எண்ணினால் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் என்ற கீழ்ச்சுருதித் தந்திக் கருவி விழும். இரண்டிலும் நான்கிலும் மேண்டலின் 'சக்' என்று வெட்டும். அந்த வெட்டோடு சேர்த்துக் கை தட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு கருவியும் முறை வைத்து முன்னே வந்து வாசிப்பது 'பிரேக்'. இப்போது யாருடைய பிரேக் என்று சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது ஆலிசனுக்கு வரலாம். 1962-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே வழக்கறிஞர்கள். புளூகிராஸ் பிறந்த தெற்கு மலைப்பகுதிக்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பில்லை. குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பின், பின்னாளில் பெரிய பிடில் கலைஞரான ஸ்டூவர்ட் டங்கனோடு இளம்வயதிலேயே சேர்ந்து வாசித்தார். 1978-ல் கனடா தேசிய பேஞ்சோ போட்டியில் வென்றார்.

பலர் வேகமாகத் தாண்டிப்போகும் அடுத்த பகுதியில்தான் நான் நின்றுவிடுவேன். ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்தார். யூ.சி.எல்.ஏ.வில் எம்.பி.ஏ. முடித்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மித் பார்னி நிறுவனத்தில் முதலீட்டு வங்கியாளராக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு இசையமைப்பதற்காக அந்த வேலையை விட்டார். 1989-ல் பாடகி ஆலிசன் கிராஸின் யூனியன் ஸ்டேஷன் குழுவில் சேர்ந்தார். வங்கியில் போன ஆண்டுகள் வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த, வரவு செலவுக்குப் பயப்படாத இசைக்கலைஞர் பின்னால் என்ன செய்தார் என்று பாருங்கள்.

கேட்கும் வரிசையைச் சொல்கிறேன். கிராஸின் 1990 ஆல்பமான 'ஐவ் காட் தட் ஓல்ட் ஃபீலிங்' முதலில். அதில் ஆலிசன் பிரவுன் மற்றவரின் குரலுக்குப் பின்னால் நிற்கிறார். பாடகி மூச்சு விடும் இடத்தில் மட்டும் நுழைந்து நிரப்புவதைக் கவனியுங்கள். அந்த அடக்கம் எளிதில் வராது. அடுத்து அதே ஆண்டு வந்த அவருடைய சொந்த ஆல்பம் 'சிம்பிள் பிளஷர்ஸ்'. தயாரித்தவர் மேண்டலின் மேதை டேவிட் கிரிஸ்மன். 1991-ல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கம் ஆலிசன் பிரவுனை ஆண்டின் சிறந்த பேஞ்சோ கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. கருவி இசைக்கான பிரிவுகளில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவருடைய முதல் நான்கு ஆல்பங்கள் வான்கார்ட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தில் வந்தன. 1995-ல் அவரும், பேஸ் கலைஞரும் கணவருமான கேரி வெஸ்ட்டும் நாஷ்வில்லில் காம்பஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தை, தொடங்கினார்கள். இதைத் தனிக் கதையாகப் பார்க்காதீர்கள், அதுவும் காதால் கேட்க வேண்டியதே. காம்பஸில் வந்த 1998-ன் 'அவுட் ஆஃப் தி புளூ'வைப் போடுங்கள். பேஞ்சோவோடு பியானோ, டிரம்ஸ், ஜாஸ் நடை. இங்கே ரோல் மெதுவாகிவிடும், தகிட கணக்கு உதவாது. சுரங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளியைக் கேளுங்கள். பேஞ்சோவில் ஒலி சட்டென்று அடங்கிவிடும், நீட்ட முடியாது. அந்தக் கருவியில் நிதானமாகப் பேசுவதைத்தான் ஆலிசனின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். இதற்குப் பின் 2000-ல் வந்த 'ஃபேர் வெதர்' மறுபடி புளூகிராஸ் பக்கம் திரும்பியது. அதில் இன்னொரு பேஞ்சோ கலைஞர் பேலா ஃபிளெக்கோடு சேர்ந்து வாசித்த 'லீவிங் காட்டன்டேல்' 2001-ல் கிராமி வாங்கியது. இரண்டு பேஞ்சோக்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டு, இரண்டையும் பிரித்தெடுக்கப் பாருங்கள்.

இசைக்கலைஞராக இருந்துகொண்டு சொந்த லேபிள் நடத்த ஆசைப்படுகிறவர்கள் காம்பஸின் பட்டியலை ஒரு பேரேட்டைப் போலப் படிக்கலாம். புது ஆல்பங்களை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை. 2006-ல் கிரீன் லினெட், 2008-ல் மல்லிகன் என்று ஐரிஷ் மரபிசைப் பதிவுகளின் பெரிய கிடங்குகளை வாங்கினார்கள். 2017-ல் ரெட் ஹவுஸ் லேபிளையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பதிவுகள் சிறுகச் சிறுக வருமானம் தந்துகொண்டே இருக்கும், புது ஆளை நம்பிப் பணம் போட அது தெம்பு தரும். ஒரு சின்ன லேபிளின் உண்மையான சொத்து பதிவுகளின் உரிமைதான். அலுவலகத்துக்கு அவர்கள் பிடித்த கட்டடமும் கன்ட்ரி இசைக் கலைஞர்களான கிளேசர் சகோதரர்களின் பழைய ஸ்டூடியோ. 1970களில் கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டை விட்டு விலகி வந்து பதிவு செய்த இடம். நாஷ்வில் போனால் 19-வது அவென்யூ சவுத்தில் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று: எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் தயாரிப்பாளர் பெயரைத் தேடிப் படியுங்கள். ஆலிசன் பிரவுன் வாசித்ததை மட்டும் கேட்டால் அவரைப் பாதிதான் கேட்டிருப்பீர்கள். மூத்த கலைஞர் பாபி ஆஸ்போர்னின் 2017 ஆல்பமான 'ஒரிஜினல்' ஆலிசன் தயாரித்தது. மிஸ்ஸி ரெய்ன்ஸின் 2018 ஆல்பம் 'ராயல் டிராவலர்' கூட ஆலிசனுடைய தயாரிப்புதான். அதில் 'ஸ்வெப்ட் அவே' என்ற பாட்டில் ஐந்து பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள்: பேஞ்சோவில் ஆலிசன், பேஸில் மிஸ்ஸி ரெய்ன்ஸ், பிடிலில் பெக்கி புல்லர், மேண்டலினில் சியெரா ஹல், கிடாரில் மாலி டட்டில். ஐவரும் தத்தம் கருவிக்குச் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் விருதைப் பெற்ற முதல் பெண்கள். 1991-ல் ஆலிசன் தொடங்கிவைத்த வரிசை 2017-ல் டட்டிலோடு முழுமையானது. பாட்டில் ஒவ்வொருவரும் எங்கே நுழைகிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு கேளுங்கள். யார் வாசித்தது உங்களுக்குப் பிடித்ததோ, அவருடைய சொந்த ஆல்பத்தை அடுத்து எடுங்கள்.