புதிதாகப் பாட்டுக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் தருமபுரியில் கர்நாடக சங்கீத வகுப்பில் சேர வரும் பிள்ளைகளில் பலர், ஏற்கெனவே சில மாதங்கள் கைப்பேசியைக் கேட்டுப் பாடிப் பழகிவிட்டே வருகிறார்கள். அந்த ஆர்வத்தோடு ஆண்டுதோறும் அதே தவறுகளும் சேர்ந்து வருகின்றன. நாள்தோறும் சாதகம் செய்ய வேண்டும், தாளம் தப்பக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிறருடைய கட்டையில் பாடுவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. ஆதார ஷட்ஜமமாக, அதாவது பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’ சுரமாக, வைத்துக்கொள்ளும் சுருதியைக் கட்டையால் குறிக்கிறோம்; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை வரையிலும், பெண்கள் 4½ முதல் 6 கட்டை வரையிலும் பாடுகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு பையன், மகரக்கட்டு உடைந்து (பருவ வயதில் குரல் மாறி) ஓராண்டுகூட ஆகாத நிலையில், ஒரு பாடகியின் பதிவோடு சேர்ந்து 5½ கட்டையில், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைப் பாடிப் பழகியிருந்தான். நிஷாதத்தை (நி) நெருங்கும்போதே அவன் முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். மேல் ஷட்ஜமத்தில் கள்ளக்குரலுக்கு (இயல்பல்லாத மெல்லிய குரலுக்கு) தாவிவிடுவான். அவனுக்குச் சாரீரமே இல்லை என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். சுருதிப் பெட்டியை 1½ கட்டைக்கு இறக்கி அதே வரிசையைப் பாடச் சொன்னதும் மேல் ஷட்ஜமம் அசையாமல் நின்றது. ஆனால் தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கம் அவனை விட்டுப் போகப் பல மாதங்கள் பிடித்தன.

பாரதக் கூத்தை விடிய விடியக் கேட்டு வளரும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, உச்சத்தில் பாடுவதுதான் பாட்டு என்ற எண்ணம் எளிதில் ஊறிவிடுகிறது. திறந்தவெளியில் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும் என்பதற்காகக் கூத்துக் கலைஞர்கள் பல ஆண்டுப் பழக்கத்தில் பிடிக்கும் உச்சம் அது. முதல் மாதத்திலேயே அதை எட்ட முயல்பவர் குரலைக் கெடுத்துக்கொள்வார்.

தமக்குரிய கட்டையைக் கண்டுபிடிக்கத் தூங்கி எழுந்தவுடன் பாடிப் பார்க்கக் கூடாது. அப்போது குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். பகலில், வெறும் காற்றாகக் கரைந்துவிடாமல் தெளிவாக ஒலிக்கும் மிகத் தாழ்ந்த சுரத்தை ‘ஆ’ என்று அகாரத்தில் நிறுத்திப் பாருங்கள். அதை மந்திர ஸ்தாயிப் பஞ்சமமாக, அதாவது ஷட்ஜமத்துக்குக் கீழே வரும் ‘ப’ சுரமாக, கொண்டு ப, த, நி, ஸ என்று ஏறினால் கிடைக்கும் ஷட்ஜமம் உங்கள் கட்டைக்கு அருகில் இருக்கும். அங்கிருந்து தார ஸ்தாயிக் காந்தாரம்வரை (மேல் ஷட்ஜமத்துக்கும் மேலே வரும் ‘க’ வரை) முகவாயைத் தூக்காமல் போக முடியவில்லை என்றால் அரைக் கட்டை இறக்குங்கள். மந்திர பஞ்சமம் சற்று மங்கினாலும் தொடக்கத்தில் பரவாயில்லை. குரல் உடையும் வயதுப் பையன்களுக்குச் சில மாதங்களிலேயே கட்டை மாறக்கூடும் என்பதால், பழைய கட்டையிலேயே பாடச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்த வேண்டாம்.

கீர்த்தனைக்கு அவசரப்படுவது

மார்கழிக்குள் மேடையேற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்ற வரிசையைப் புரந்தரதாசர் வகுத்துத் தந்ததாகவே நம் மரபு கொள்கிறது. அவற்றுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் ஷட்ஜமத்தை ஒட்டி ரிஷபமும், பஞ்சமத்தை ஒட்டித் தைவதமும் அமைவதால், சுரம் சிறிது விலகினாலும் காதில் உறுத்தும். 3 காலங்களிலும் (வேகங்களிலும்) இவை நிற்கும் முன் கீர்த்தனைக்குப் போனவர்களைத் திரும்பவும் சரளிக்கே அழைத்துவர வேண்டியிருக்கிறது.

சுருதி இல்லாமல் பாடுவது

கூடவே கூடாது.

தொண்டை கட்டியபோது பாடுவது

ஓய்வு கொடுங்கள். கரகரப்பு 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம் குரலைப் பதிவு செய்து கேட்காதிருப்பது

பாடும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டை எலும்புகளின் வழியாகவும் காதை எட்டுவதால், சுருதி விலகுவது பாடுபவருக்குத் தெரியாமல் போகலாம். கைப்பேசியைச் சுருதிப் பெட்டிக்கு அருகில் வைத்து, இரண்டும் சேர்ந்து விழும்படி பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்கும்போது, வரிசை முழுவதையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஷட்ஜமத்தில் வந்து நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.