பாட்டு முடிந்தது என்று சொல்வது எப்படி

தனியாக இசை தயாரிக்கிறவருக்கு வாய்ப்பு வருமா, பணம் வருமா, பெயர் வருமா என்று ஆயிரம் கவலை. என்னைக் கேட்டால் அத்தனைக்கும் அடியில் இருக்கிற சிக்கல், 'போதும், இது முடிந்தது' என்று சொல்ல ஆள் இல்லாததுதான். கம்பெனி இருந்தால் ரிலீஸ் தேதி கழுத்தைப் பிடிக்கும். நமக்கு அந்த வேலையும் நம் தலையில்தான். அதைச் செய்யாமல் விடுவதால் பாதிப் பாட்டுகள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன, மீதி முடியாத திருத்தத்தில் நிற்கின்றன.

முதல் நோட்டுக்கு முன்

முடிவை ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். பாடகரோ குறும்பட இயக்குநரோ, யார் வந்தாலும் வேலையைத் தொடும் முன் ஒரு பக்க மெயில் அனுப்புவேன். பாட்டு எத்தனை நிமிஷம், ரெஃபரன்ஸ் எந்தப் பாட்டு, வோகலை யார் பதிவுசெய்வது, சுருதி திருத்துவது என் வேலையா, கடைசியில் நான் கொடுப்பது என்னென்ன. சண்டை வருவது அந்தக் கடைசிக் கேள்வியில்தான். "எல்லா ஃபைலும் குடுத்துடுங்க" என்பார்கள். முழு மிக்ஸும் வோகல் இல்லாத மிக்ஸும் 24 பிட் வேவாக, அதாவது சுருக்காத ஆடியோ ஃபைலாகக் கொடுப்பது ஒரு விலை. ட்ரம்ஸ், பேஸ், கீஸ் எனத் தனித்தனி ஸ்டெம் என்றால் வேறு விலை. பாட்டையே உள்ளே புகுந்து மாற்றக்கூடிய ப்ராஜெக்ட் ஃபைலை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

திருத்தம் 2 சுற்று வரை அந்த விலைக்குள் அடக்கம். ஒரு சுற்று என்றால், எல்லாக் குறைகளையும் சேர்த்து ஒரே மெசேஜில் எழுதி அனுப்புவது. நடுராத்திரியில் வரும் வாய்ஸ் நோட்டு ஒவ்வொன்றும் ஒரு சுற்றாகக் கணக்கில் சேரும் என்று எழுதிப் பாருங்கள், வாய்ஸ் நோட்டு தானாகக் குறைந்துவிடும்.

பாதிப் பணம் முன்னால், மீதி வந்த பிறகு வேவ். அதுவரை கேட்டுப் பார்க்க, நடுநடுவே பீப் விழும் எம்பி3 போதும். நண்பர் என்றால் விலையைக் குறைக்கலாம், மெயிலை மட்டும் விடாதீர்கள். நண்பரிடம்தான் பணத்தைக் கேட்க வாய் வராது.

'ஏதோ ஒண்ணு மிஸ் ஆகுது'

இந்தத் தொழிலில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது. "ப்ரோ, செமையா இருக்கு, ஆனா ஏதோ ஒண்ணு மிஸ் ஆகுது." கேட்டவுடன் ஒரு சிந்த், மேலே கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ், இன்னொரு ஷேக்கர் என்று கை போகும். போகவிடாதீர்கள். அவர் காதுக்குக் குறை தெரிகிறது, சொல்லத்தான் தெரியவில்லை. "எந்த செகண்ட்ல அப்படித் தோணுது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு பாடகி, "ஹூக் தூக்கவே மாட்டேங்குதுண்ணா, ட்ரம்ஸ ஏத்துங்க" என்றார். எந்த இடம் என்று கேட்டதற்கு, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் முக்கிய வரி) ஆரம்பிக்கிற முதல் செகண்டைச் சொன்னார். ட்ரம்ஸ் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. சிக்கல் அதற்கு முந்தைய வெர்ஸின் 8 பாரில் (தாள அளவில்). அங்கே குரலுக்குப் பின்னால் ஒரு பேட் (நீளமாக இழுக்கும் சிந்த் ஒலி) இடதும் வலதுமாக விரிந்து கிடந்தது, பேஸும் முழுசாக வாசித்துக்கொண்டிருந்தது. ஏறிப் போக வேண்டிய உயரத்தில் வெர்ஸ் முன்னாடியே உட்கார்ந்துவிட்டது. பேடை எடுத்தேன். பேஸை வெர்ஸின் பிற்பாதியில்தான் உள்ளே விட்டேன். ஹூக்குக்கு முந்தைய அரை பாரில் எல்லாவற்றையும் ம்யூட் செய்து, அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தை மட்டும் வைத்தேன். ட்ரம்ஸ் ஃபேடரைத் தொடவே இல்லை. "இப்ப ட்ரம்ஸ் சூப்பரா ஏறியிருக்குண்ணா" என்று பதில் வந்தது. நான் மறுக்கவில்லை.

வேறு சில புகார்களுக்கும் இப்படி மறு அர்த்தம் உண்டு. 'வாய்ஸ் கேக்கல' என்றால் வோகலை ஏற்றும் முன் கிட்டாரையும் கீஸையும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். வார்த்தை தெளிவது அந்த இடத்தில்தான். 'பஞ்ச் இல்ல' என்றால் பெரும்பாலும் கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்கின்றன. பேஸ் நோட்டைச் சுருக்கினாலே பாதி சரியாகும்.

'சத்தம் பத்தல' என்பது தனிக் கதை. ரெஃபரன்ஸ் பாட்டு மாஸ்டர் ஆனது, அதாவது கடைசியில் சத்தம் ஏற்றி மெருகிட்டது. நம் மிக்ஸ் ஆகாதது. சத்தமாகக் கேட்பது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் காது சொல்லும். அதனால் இரண்டையும் ஒரே எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் இயல்பு அமைப்பில் பாட்டுகள் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கின்றன. மைனஸ் 8 வரை நசுக்கிக் கொடுத்தால் அது 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது நசுங்கியதுதான்.

காதை நம்ப முடியாத அறை

பாட்டு முடிந்ததா என்று நமக்கே சந்தேகம் வர முக்கியக் காரணம், நாம் உட்கார்ந்திருக்கும் அறை. 3 மீட்டர் நீள அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால், 57 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் காதுக்கு ஏறக்குறைய வராது. அதே சத்தம் சுவரோரம் வீங்கித் தெரியும். நடுவில் உட்கார்ந்தவர் கிக்கின் அடியை ஏற்றிக்கொண்டே போவார், வெளியே போட்டால் குமுறும். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். மெல்லிய ஃபோம் பேஸை ஒன்றும் செய்யாது. மூலைகளில் ஒலியை உறிஞ்சும் தடிமனான ராக்வுல் பேனல் வையுங்கள், முடியாவிட்டால் அடிப்பகுதியை மட்டும் ஹெட்ஃபோனில் சரிபாருங்கள். பேச்சுக் குரல் அளவுக்குக் குறைத்து வைத்து மிக்ஸ் செய்தால் காதும் பிழைக்கும்.

பங்கு

ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பின் உரிமை ஒன்று, அதைப் பதிவுசெய்த மாஸ்டரின் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாக, யாருக்கு எத்தனை சதவீதம் என்று கூட்டினால் 100 வருகிற மாதிரி, செஷன் முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடுவதற்கு முன் இது 5 நிமிஷப் பேச்சு. ஓடிய பிறகு வக்கீல் வேண்டும்.

விலைக்கு வாங்கிய மெலடி லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் துண்டை) அப்படியே போட்டிருந்தால் அந்தப் பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில், அதாவது அதே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகப் பிடிக்கும் அமைப்பில், பதியாதீர்கள். அதே லூப்பை வாங்கிய யாரோ ஒருவருக்கு உங்கள் பெயரில் க்ளெய்ம் போகும். வேறொரு பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்தால் மேலே சொன்ன இரண்டு உரிமைக்கும் அனுமதி வேண்டும். மாஸ்டர்காரர் சரி என்றால் மட்டும் போதாது.

வெளியே விடும்போது

தேதியை நீங்களே குறித்துப் பாடகருக்கும் சொல்லிவிடுங்கள், பின்வாங்க வெட்கமாக இருக்கும். ப்ளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு ரிலீஸுக்கு 7 நாளாவது முன்னால் பிட்ச் செய்ய வேண்டும், வெளியான பாட்டை அங்கே பிட்ச் செய்ய முடியாது. நான் 4 வாரம் முன்னாலேயே ஏற்றிவிடுவேன். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு உண்டு. பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தை மாற்றினால் அதே பதிவுக்கு அதே குறியீட்டைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய ப்ளே கணக்கு ஒட்டாமல் போகலாம். ரீமிக்ஸுக்குப் புதுக் குறியீடு. பணத்தைப் பற்றி ஒன்று: 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத ட்ராக்குக்கு ஸ்பாட்டிஃபை மாஸ்டர் ராயல்டி தருவதில்லை. வாடகையை இதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மீதிப் பணம் வந்த அன்றே எல்லா ட்ராக்கையும் எஃபெக்ட்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என வேவாக எழுதிவையுங்கள். இன்றைய ப்ளகின் சில வருஷம் கழித்துத் திறக்கும் என்று சொல்ல முடியாது, வேவ் திறக்கும். 3 நகல், 2 வகை டிஸ்க், அதில் 1 வேறு இடத்தில். அதற்குப் பிறகு அந்த ப்ராஜெக்ட்டை நான் திறப்பதில்லை. திறக்கச் சொன்னால் புது மெயில், புது விலை.