கூடைப்பந்தில் பாஸ் பறிபோகாமலிருக்க ஃபுட்பால் வழி: புதியவர்களுக்கு

கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று எங்கள் கரைப் பக்கம் கூடைப்பந்துக்கு வரும் பையன்கள் பலர் மணலில் ஃபுட்பால் உதைத்து வளர்ந்தவர்கள். செஸ்ட் பாஸ் (மார்பிலிருந்து நேராகத் தள்ளுவது), பவுன்ஸ் பாஸ் (தரையில் அடித்து எழும்ப விடுவது) எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். மேட்சில்தான் பந்து பறிபோகும். கைக்கு வந்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவார்கள், அதற்குள் ஆள் மேலே வந்துவிடுவான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 2005, 2006 இரண்டு வருடமும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஸ்டீவ் நாஷும் சிறுவயதில் ஃபுட்பால் ஆடியவர்தான்.

படி 1: கோர்ட்டைக் கூட்டுங்கள். சிரிக்க வேண்டாம். சிமெண்டில் மணல் படிந்திருந்தால் பவுன்ஸ் பாஸ் எழும்பாமல் சறுக்கும், காலும் வழுக்கும். ரப்பர் பந்து போதும். தோல் பந்து வெளிக் கோர்ட்டில் உரிந்துபோகும், காசுக்குக் கேடு.

படி 2: ரோண்டோ. சுற்றி நிற்பவர்கள் பாஸ் போட, நடுவில் நிற்பவர் பறிக்க வேண்டும். ஃபுட்பாலில் இருப்பதை அப்படியே கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது. அங்கே பந்து தரையோடு வரும், தடுக்கலாம். கையில் இருந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள், நடுவில் இருப்பவர் இருட்டும்வரை ஓட வேண்டியதுதான். அதனால் வெளியே நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், சுமார் 15 அடிச் சதுரம். பாஸ் தோளுக்கு மேலே போகக் கூடாது, டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) கிடையாது, "ஒன்று, இரண்டு" சொல்வதற்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். மற்ற படிகளைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

படி 3: தோளுக்குப் பின்னால் பார்வை. மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபுட்பாலில் பந்து உருண்டு வரும்போதுகூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். செஸ்ட் பாஸ் வரும்போது திரும்பினால் மூக்கு போய்விடும். பந்து கூட்டாளி கையில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அது கிளம்பியதும் கண்ணைப் பந்துக்குக் கொண்டுவாருங்கள். பழக, பின்னால் ஒருவரை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். பந்தைப் பிடிக்கும் முன்பே எத்தனை விரல் என்று நீங்கள் கத்த வேண்டும்.

படி 4: ஃபுட்பாலில், தடுக்க வரும் டிஃபெண்டருக்குத் தள்ளியிருக்கும் காலுக்குப் பாஸ் கொடுப்பார்கள் இல்லையா? இங்கே தள்ளியிருக்கும் கைக்கு. வாங்குகிறவர் உள்ளங்கையை விரித்துக் காட்டட்டும்.

படி 5: கொடுத்துவிட்டு ஓடு. ஃபுட்பால் பழக்கத்தில் கால் முந்திக்கொள்ளும், ரெஃப்ரி ட்ராவலிங் (பந்தோடு விதியை மீறிக் கால் நகர்த்தும் தவறு) ஊதுவார். தூக்கிய பிவட் கால் (ஊன்றித் திரும்பும் கால்) திரும்பத் தரையில் படும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். ஃபுட்பாலில் இருக்கும் ஆஃப்சைடு விதி இங்கே இல்லை, ரிங்குக்கு நேராக ஓடலாம். ஆனால் ரிங்குக்குக் கீழே நின்றுவிடாதீர்கள், அங்கே 3 விநாடிதான் கணக்கு.

பிற்சேர்க்கை: மூன்று பேர்தான் இருக்கிறோம், ரோண்டோ எப்படி ஆடுவது என்று தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு பேர் பத்தடி தள்ளி நில்லுங்கள், ஒருவர் நடுவில். பாஸ் பறிபோனால் எறிந்தவர் நடுவுக்குப் போக வேண்டும். அப்புறம், வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் நீளப் பாஸை விட்டுவிட்டு இதை மட்டும் ஆடினாலே போதும்.