சிகரெட்டை விட நினைப்பவருக்கு மருந்துக் கடையில் உதவும் முறை

சென்னையில் இருமல் மருந்து கேட்டு வருபவரின் சட்டைப் பையில் பல நேரம் தீப்பெட்டியும் தெரியும். மருத்துவரைப் பார்க்க அவர் நாள் கடத்தலாம். இரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒருமுறை நம் கடைக்கு வந்தே தீருவார். ஆகவே பேச்சைத் தொடங்க வேண்டியவர் மருந்தாளுநர்தான். அறிவுரை வேண்டாம், கூட்டம் குறைந்த நேரத்தில், "விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா, சார்?" என்று தணிந்த குரலில் கேட்டால் போதும்.

உண்டு என்றால், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டையோ பீடியையோ பற்றவைக்கிறார் என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் (புகையிலையில் உள்ள பழக்கமூட்டும் பொருளைச் சிறிதளவு தந்து, புகைக்கும் தவிப்பைத் தணிக்கும் மெல்லும் மருந்து) தேவைப்படும். அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அதன் பிறகுதான் என்றால் சீட்டில்லாமல் கிடைக்கும் 2 மில்லிகிராமே போதும். கர்ப்பிணிகளையும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

"சூயிங்கம் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பவர்களில் பலர் அதைச் சாதாரண பபிள்கம் போல விடாமல் மென்றவர்கள். நிக்கோட்டின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவே உடலில் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மிளகு கடித்தாற்போல் சுருக்கென்று காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் ஏறாது என்பதால், மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் எதுவும் கூடாது. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று அட்டைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பொடி எழுத்துத் தாளை யாரும் படிப்பதில்லை.

மருந்தாளுநரின் கண்ணுக்கே முதலில் படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. புகையிலுள்ள தார், சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், ஆஸ்துமாவுக்கான தியோபிலினும், மனநல மருந்துகளான குளோசபினும் ஓலான்சபினும் அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தத்தில் கூடிவிடலாம். இவற்றை வாங்குபவர் புகையை நிறுத்தப்போகிறார் என்றால், நாள் குறிப்பதற்கு முன்பே அவருடைய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். காபிக்கும் இதே கதைதான்: வழக்கமான நான்கு டம்ளர் திடீரென்று படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், சிகரெட் இல்லாததால் வந்த தவிப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார். பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

மின்சிகரெட் கேட்டால், 2019 முதல் அதன் விற்பனைக்கு நாடு முழுவதும் தடை என்று சொல்லிவிடலாம்.

முதல் வாரமே மிகக் கடினமானது என்பதால் மூன்றாம் நாள் தொலைபேசியில் விசாரியுங்கள்; சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் காட்டுங்கள். அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது, டீக்கடை வாசலில் ஒன்று பற்றவைத்துவிட்டதாகச் சொன்னால், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக ஒரு சூயிங்கத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள்.