டர்பன் அணிகளைத் தினமும் அலசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை கிங்ஸ் பார்க்கில் நம் டர்பன் ரக்பி அணி ஷார்க்ஸ் தோற்றுவிட்டால், ஞாயிறு காலை இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஆளுக்கு ஆள் கோச் ஆகிவிடுவார்கள். "இந்த டீம் தேறாது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "முதல்ல கோச்சைத் தூக்கணும்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். ரசிகன் பேசாமல் வேறு யார் பேசுவது? பேசட்டும். ஆனால் தினமும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால், நேற்றைய ஒரு ஆட்டத்தை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. நம் ஊர் அணிகளைப் பற்றிக் காதில் விழும் தப்பான பேச்சில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

2023-24 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய அணிகளோடு ஆடும் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்பில் மொத்தம் 16 அணிகள், அதில் ஷார்க்ஸுக்கு 14-ஆவது இடம். சீசன் நடுவில் "உருப்படாத அணி" என்று எழுதியவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் அதே அணிதான் 2024 மே மாதம் லண்டனில், டாட்டன்ஹாம் மைதானத்தில், குளோஸ்டரை 36-22 என்று அடித்துச் சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதல் தென்னாப்பிரிக்க அணி அதுதான். செப்டம்பரில் உள்நாட்டு ரக்பிப் போட்டியான கரி கோப்பையும் வந்து சேர்ந்தது. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் லயன்ஸ் முன்னிலையில் இருக்க, நேரம் முடிந்த பிறகு ஜோர்டான் ஹென்ட்ரிக்ஸ ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்திலிருந்து உதைத்த பெனால்டியில் 16-14. அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. விரதம் இருந்த வீடுகளில் ப்ராய் (கறி சுடும் அடுப்பு) கம்பி மேல் சோளக்கதிர்தான் வெந்திருக்கும், ஆனாலும் கொண்டாட்டத்துக்கு ஒரு குறையும் இருந்திருக்காது!

இதைச் சொன்னதும் "பார்த்தீங்களா, 14-ஆவது இடத்தில் இருந்த அணி கரி கோப்பை ஜெயிச்சிருக்கு" என்று கிளம்புவதும் தவறுதான். கரி கோப்பையில் ஆடும் ஷார்க்ஸும் சாம்பியன்ஷிப்பில் ஆடும் ஷார்க்ஸும் சங்கத்தால் ஒன்று, ஆட்களால் பெரும்பாலும் வேறு. அந்தக் காலகட்டத்தில் ஸ்பிரிங்பாக் (தேசிய ரக்பி அணி) வீரர்கள் நாட்டுக்காக ஆடப் போய்விடுவார்கள், இளம் பையன்களுக்கு இடம் கிடைக்கும். அதனால் ஸ்கோரைப் பார்க்கும் முன் அன்றைக்கு இறங்கிய 23 பேர் யார் என்று பார்த்துவிடுங்கள். ஷார்க்ஸ் மாதிரி ஸ்பிரிங்பாக் வீரர்கள் நிறைந்த அணிக்கு இது இரட்டை அவசியம். நாட்டுக்காக வருடம் முழுக்க மோதிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஓய்வு பல தடவை ஐரோப்பியப் பயணத்தில்தான் விழும். மழையில், குளிரில், பாதிப் பேர் புதுசாக இறங்கித் தோற்ற ஆட்டத்தை வைத்து, ஊரில் உட்கார்ந்திருந்த நட்சத்திர வீரரைத் திட்டுகிறவர்களும் உண்டு.

புள்ளிப் பட்டியலில் இன்னொரு சறுக்கல். வெற்றிக்கு 4, சமனுக்கு 2. அது போக நான்கு ட்ரை அடித்தால் 1, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1. அதாவது தோற்ற அணியும் 2 புள்ளியோடு வீடு திரும்பலாம். எத்தனை ஆட்டம் ஆடிய பிறகு அந்த இடம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பயண அட்டவணையால் எல்லா அணியும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது.

சரி, கோச்சைத் தூக்குவது பற்றி. இந்தப் பேச்சுக்கு டர்பனில் ஒரு உதாரணம் ரெடியாக இருக்கிறது: கால்பந்து கிளப் அமாஸுலு. முந்தைய சீசனில் கீழே தத்தளித்த அணி, 2020 டிசம்பரில் பென்னி மெக்கார்த்தி வந்ததும் எழுந்து நின்றது. 2020-21 முடிவில் இரண்டாம் இடம், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி. இதைக் காட்டித்தான் எல்லாத் தோல்விக்கும் ஒரே மருந்து எழுதுகிறார்கள். கதையின் மீதியைச் சொல்வதில்லை. 2022 மார்ச்சில் அவரும் போய்விட்டார். கோச் மாற்றம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை, சில சமயம் நன்றாகவே செய்கிறது. எதை மாற்றினார், யாரை எங்கே ஆடவைத்தார் என்று ஒரு வரியாவது சொல்லத் தெரியாதவர் "தூக்கு" என்று சொல்வதுதான் எரிச்சல்.

கிங்ஸ்மீட் பற்றிய கட்டுக்கதைகள்

நம் கிரிக்கெட் மைதானமான கிங்ஸ்மீட்டின் பிட்ச் என்றால் பச்சைப் பசேல், வேகப்பந்துக்கே சொர்க்கம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. கடலில் அலை ஏறும் நேரத்தில் பந்து கூடுதலாக ஆடும் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டது. தாத்தாக்கள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மைதானத்தில் 2022-ல் பங்களாதேஷ் 53 ரன்னுக்குச் சுருண்டது. வீழ்த்தியது வேகம் இல்லை. டர்பன் பையன் கேசவ் மகராஜ் 7, சைமன் ஹார்மர் 3, பத்தும் சுழலுக்கு. அந்த இன்னிங்ஸில் வேறு யாரும் பந்தே வீசவில்லை. பிறகு 2024 நவம்பரில் இலங்கை 42-க்கு ஆட்டமிழந்தது. அன்று மார்கோ யான்சன் 13 ரன்னுக்கு 7 விக்கெட். வேகம்தான். இதே இலங்கைக்காக 2019-ல் குசல் பெரேரா 153 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று, கடைசி விக்கெட்டுக்கு 78 ரன் சேர்த்து, 304-ஐ எட்டிப் பிடித்ததும் இங்கேதான். ரொம்பப் பின்னால் போனால், 1939 மார்ச்சில் ஒன்பது நாள் ஆடியும் முடியாத டெஸ்ட். 696 இலக்குக்கு இங்கிலாந்து 5 விக்கெட் இழப்பில் 654 எடுத்திருந்தது, கப்பலைப் பிடிக்கக் கிளம்ப வேண்டியிருந்ததால் டிரா. இத்தனையும் ஒரே மைதானம். அதனால் டாஸுக்கு முன்பே "இன்றைக்கு 200 தாண்டாது" என்று அடித்துச் சொல்வதற்குக் கிங்ஸ்மீட் என்ற பெயர் மட்டும் போதாது.

இதைவிடப் பயனுள்ள விஷயம் வெளிச்சம். நம் ஊர் நாட்டின் கிழக்கு ஓரம். டிசம்பரில் கேப் டவுனில் எட்டு மணி வரை சூரியன் இருக்கும், இங்கே ஏழுக்குள் இறங்கிவிடும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. நாலாம் நாள் மாலை இன்னும் பத்து ஓவர் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மழைக் கணக்கில் மட்டும் ரசிகர்களை மன்னித்துவிடலாம். தேசிய அணியே கிங்ஸ்மீட்டில் அதில் விழுந்திருக்கிறது. 2003 மார்ச் 3, உலகக் கோப்பை, இலங்கைக்கு எதிராக. மழை வலுக்கிறது. 45-ஆவது ஓவரை முரளிதரன் வீசுகிறார். 229 எடுத்தால் போதும் என்று உள்ளே இருந்து செய்தி வந்திருக்கிறது. ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்ஸருக்குத் தூக்குகிறார், 229 வந்துவிட்டது. கடைசிப் பந்தை ஓடாமல் பக்குவமாகத் தட்டிவிட்டு நிற்கிறார். நடுவர்கள் வெளியே கூட்டிப் போகிறார்கள், ஆட்டம் அதோடு சரி. டக்வொர்த்-லூயிஸ் தாளில் 229 என்பது சமன் ஆகும் எண், வெல்ல 230 வேண்டும். ஒரே ஒரு ரன்னில், சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து முதல் சுற்றிலேயே வெளியே. மழை நாளில் ஸ்கோரைச் சொல்லும்போது அந்த எண் சமனுக்கா வெற்றிக்கா என்று சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரே பெயர், வேறு அணி

கிரிக்கெட்டில் டால்பின்ஸ் வேறு, டர்பன் சூப்பர் ஜயண்ட்ஸ் வேறு. முதலாவது மாகாண அணி, வருடாவருடம் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவது. இரண்டாவது 2023-ல் தொடங்கிய எஸ்ஏ20 என்ற டி20 லீக்குக்காக வந்தது, ஐபிஎல்லின் லக்னோ அணியை வைத்திருக்கும் அதே முதலாளிகள். மைதானம் ஒன்று, சில முகங்கள் பொது, அவ்வளவுதான். ஜனவரியில் சூப்பர் ஜயண்ட்ஸ் தோற்றதற்கு மாகாணக் கிரிக்கெட் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பதில் அர்த்தமில்லை.

கால்பந்தில் இது இன்னும் சிக்கல். இன்று நாட்டின் முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் ஆடும் டர்பன் சிட்டி, 2024 வரை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மாரிட்ஸ்பர்க் யுனைடெட். பெயர் மாறியது, 2024-25-இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது, நம் சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. பழைய டர்பன் சிட்டி முற்றிலும் வேறு. நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமாக நடந்த தேசிய லீக்கில் 1959-இல் முதல் சாம்பியன் ஆன கிளப் அது. அதன் கோப்பைகளை இந்தப் புது அணியின் கணக்கில் சேர்த்துப் பேசுவது வெறும் எண் பிழை இல்லை. அந்தக் கிளப்பில் ஆட முடியாமல் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடிய தலைமுறை ஒன்று இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் என்றதும் மேனிங் ரேஞ்சர்ஸையும் சொல்லியாக வேண்டும். "பிரீமியர் சாக்கர் லீக்கை டர்பன் அணி வென்றதே இல்லை" என்று இளசுகள் அடித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 1996-97-இல், அந்த லீக்கின் முதல் சீசனிலேயே, கோர்டன் இகெசண்ட் பயிற்சியில் கோப்பையை எடுத்தது சாட்ஸ்வொர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ்தான். சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்ற பெரிய கிளப்கள் எல்லாம் அதற்குக் கீழே. கிளப் இப்போது இல்லை, ஆனால் பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவதும் இதே வகைதான். கைசர் சீஃப்ஸ் வரும் நாளில் மோசஸ் மபீடா ஸ்டேடியம் நிறைந்தால், அது அமாஸுலுவின் செல்வாக்கு இல்லை. கேமரா திரும்பும் பக்கமெல்லாம் என்ன நிறச் சட்டை என்று பாருங்கள்.

"நம்ம பையன்"

கடைசியாக, நாமே அதிகம் செய்யும் தவறு. நம் இந்திய வம்சாவளிப் பெயர் உள்ள ஆள் தேர்வாகிவிட்டால் இரண்டு கூச்சல் எழும். வெளியே "கோட்டா", அதாவது திறமையால் அல்ல, இன ஒதுக்கீட்டால் வந்தவர் என்பார்கள். உள்ளே, நம் தெருவில், "நம்ம பையன், தொடவே கூடாது" என்பார்கள். டர்பன்காரர் ஹாஷிம் ஆம்லா 2004-ல் வந்தபோது முதல் கூச்சலை வேண்டிய மட்டும் கேட்டார். 2012-ல் ஓவலில் 311 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், தென்னாப்பிரிக்காவின் முதல் முச்சதம். அதன் பிறகு அந்தச் சத்தத்தையே காணோம்.

சேனுரன் முத்துசாமி விஷயத்தில் இரண்டாவது கூச்சல் அதிகம். டர்பனில் பிறந்து, டால்பின்ஸில் மேல்வரிசை மட்டையாளராக வளர்ந்து, பிறகு வேறு மாகாண அணிகளுக்குப் போனவர். 2019-ல் விசாகப்பட்டினத்தில் அறிமுகம், முதல் விக்கெட்டே விராட் கோலி. அன்றைக்கு நம் ஆட்கள் அவரை உலகத்தின் சிறந்த ஆல்ரவுண்டர் ஆக்கிவிட்டார்கள். பிறகு அணியை விட்டு வெளியே போனார், பேச்சும் நின்றது. 2025 அக்டோபரில் லாகூரில் ஒரே டெஸ்டில் 11 விக்கெட், அடுத்த மாதம் குவஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராக 109 ரன். திடீரென்று எல்லோருக்கும் அவரோடு பழைய பழக்கம்! நடுவில் இருந்த ஆறு வருடமும் அவர் உள்ளூர் நாலு நாள் ஆட்டங்களில் பந்து வீசிக்கொண்டும் ரன் எடுத்துக்கொண்டும்தான் இருந்தார். அந்த ஸ்கோர்கார்டுகள் யாருக்கும் மறைத்து வைக்கப்படவில்லை. டொங்காட்டின் பிரெனலன் சுப்ராயனும் அப்படித்தான், டால்பின்ஸுக்கு வருடக்கணக்கில் ஆஃப் ஸ்பின் போட்டுவிட்டு 2025-ல்தான் டெஸ்ட் தொப்பி வாங்கினார். அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல ஆசை இருந்தால், எஸ்ஏ20 ஏலத்தை விட்டுவிட்டு, காலி கேலரிக்கு முன் நடக்கும் அந்த நாலு நாள் ஆட்டத்தில் ஒரு மதியத்தைச் செலவழியுங்கள். நிழலுள்ள இடத்தில் உட்காரத் தாராளமாக இடம் கிடைக்கும்.