ஒரே மேகம் ரேடார் படத்தில் இரண்டாகத் தெரிந்தது: நான் சரிசெய்த விதம்

நான்கு நாள் வீணாகி, இன்றுதான் நிம்மதி. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2006-இல் இயங்கத் தொடங்கிய காசா (CASA) என்ற வானிலை ரேடார் சோதனை வலையமைப்பு மாதிரி, சுமார் 30 கி.மீ. இடைவெளியில் நிற்கும் சிறிய எக்ஸ்-பேண்ட் (சுமார் 3 செ.மீ. அலைநீளம்) ரேடார்களின் தரவை இணைக்கிறேன்; புயல் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அவை பார்க்கும். இரண்டு ரேடார்களும் பார்க்கும் இடத்தில் ஒரே மேகம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இரண்டாகத் தெரிந்தது.

ரேடார் வடக்கு என்று எடுத்துக்கொள்ளும் திசை விலகியிருக்கும் என்று சூரியனை வைத்துச் சோதித்தேன், சரியாகவே இருந்தது. அப்புறம் மழையில் சிக்னல் குறைவதற்கான திருத்தத்தை நோண்டினேன், அதிலும் ஒன்றுமில்லை.

கவனித்தால், விலகல் எப்போதும் புயல் போகும் திசையில்தான். மெதுவாக நகரும் மேகங்களில் இல்லவே இல்லை. திசைப் பிழையென்றால் ரேடாரிலிருந்து தூரம் போகப் போகக் கூடியிருக்கும். அப்படியென்றால் பிழை நேரத்தில்தான்: என் நிரல், கோப்பின் தலைப்பில் இருந்த, ரேடார் சுற்றத் தொடங்கிய நேரத்தையே எல்லாக் கதிர்களுக்கும் (ஒவ்வொரு திசையிலும் எடுத்த அளவீடுகளுக்கும்) கொடுத்திருந்தது. ஆனால் ஒரு ரேடார் அந்த மேகத்தைத் தொடக்கத்திலேயும் மற்றது 50 விநாடி கழித்தும் பார்த்திருந்தது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கதிரின் நேரத்தையும் எடுத்து, புயலின் வேகத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரே விநாடிக்கு நகர்த்தினேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன.